செம்புத் தகட்டில் விழுந்த நிழல்

அத்தியாயம் 4

தையல் மேசைக்கு அடியில் உருண்டு ஓடிய பித்தானைத் தேடித்தான் டப்பா குனிந்தான். குனிந்தவன் "ஐயோ" என்று சொல்ல வாயைத் திறந்தான். 'ஐ' வெளியே வருவதற்குள் அண்ணியின் உள்ளங்கை அவன் வாயைப் பொத்தியது.

மேசைப் பலகையின் அடிவயிற்றில், கறுப்பு டேப்பில் ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது அது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சர்க்யூட் போர்டு. பக்கத்தில் புத்தம்புதுச் சதுர பேட்டரி. எலிவாலைப் போல ஒரு கம்பி. நடுவே, மிளகு அளவில் ஒரு மைக்.

அந்த மிளகு தன்னையே பார்ப்பதாக டப்பாவுக்குத் தோன்றியது.

அண்ணி துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியை எடுத்தாள். மேசைமேல் விரித்திருந்த கறுப்புத் துணியில் எழுதினாள்: 'பேசிக்கிட்டே இரு. நிறுத்தாதே.'

பேசுவது டப்பாவுக்குப் பிறவி வரம். தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டினாற்போல ஓயாமல் பேசுகிறான் என்று அவனுடைய அண்ணன் வைத்த பெயர்தான் அது. அந்த அண்ணன் ஆரம்பித்த துப்பறியும் ஏஜென்சியை, அவர் இறந்த பிறகு அண்ணிதான் நடத்துகிறாள். கல்யாணத்துக்கு முன் போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் வேலை பார்த்தவள். கண்கொத்திப் பாம்பின் பார்வை. கொழுந்தன் டப்பா உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன், ஆபத்து என்றால் முதல் ஆளாகப் பயப்படுபவன்.

பேச வேண்டிய இந்த நேரம் பார்த்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"வந்து... பித்தான் கிடைச்சிருச்சு அண்ணி. நாலு ஓட்டை போட்ட பித்தான். எதுக்கு நாலு? மூக்குக்கே ரெண்டுதான் வெச்சிருக்கு..."

எதிரே தையல்காரி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. இந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை. இடது கைத் துணிக்கு உள்ளே, புருஷன் ஊற்றிய வெந்நீரின் தழும்பு. ரேடியோ மெக்கானிக்கான அந்தப் புருஷனிடமிருந்து தப்பி, ஒருவருக்கும் சொல்லாமல் இந்த ஊருக்கு வந்து, ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைக்கு மேலே இந்த ஒற்றை அறையைப் பிடித்து, கடைக்குத் துணிப்பை தைத்துப் பிழைக்கிறாள்.

கொஞ்ச நாள் நிம்மதி. அப்புறம் போன் வர ஆரம்பித்தது. புருஷன் கத்தவில்லை, திட்டவில்லை. இந்த அறைக்குள் அவள் பேசியதை ஒரு வார்த்தை பிசகாமல் அவளுக்கே திருப்பிச் சொன்னான். நம்பரை மாற்றினாள். புது நம்பரைத் தோழிக்கு வாய்விட்டுச் சொன்ன மறுநாள், அதே நம்பரில் அவன் கூப்பிட்டான். "தூக்கத்துல இருமுறியே, மருந்து வாங்கிக்கக் கூடாதா?" என்று கரிசனமாகக் கேட்டான். அந்தக் கரிசனம்தான் அவளை நேற்று ஏஜென்சியின் படியேற வைத்தது. இன்று அண்ணியும் டப்பாவும் துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களைப்போல வந்திருந்தார்கள்.

டப்பா வாயால் பித்தான் புராணம் பாடிக்கொண்டே கையால் எழுதினான்: 'புருஷன் வேலைதான். ரேடியோக்காரன்.'

அண்ணி உதட்டைப் பிதுக்கினாள். பேட்டரியைச் சுட்டிக்காட்டி எழுதினாள்: 'புதுசு. இது சீக்கிரம் தீர்ந்துடும். யாரோ அடிக்கடி வந்து மாத்தறாங்க.' கொஞ்சம் யோசித்து அடியில் சேர்த்தாள்: 'இவ்வளவு சின்ன கருவி நாலு வீட்டுக்கு அப்பால கேட்காது.'

டப்பா படித்தான். கேட்கிற ஆள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறான். இப்போதே, இந்த நிமிஷமே, மூக்குக்கு எத்தனை ஓட்டை என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான்.

'இங்க அடிக்கடி வர்றது யாரு?' என்று அண்ணி எழுதினாள்.

தையல்காரி கோணல்மாணலாக எழுதினாள். 'தண்ணி கேன்காரர் வாசலோட போயிடுவார். கீழ்க்கடை அச்சுக்கார அண்ணன் பை எடுக்க வருவார். அவர் சம்சாரம் டீ கொண்டு வருவாங்க. என் கூடப் பிறக்காத அக்கா.'

அச்சுக்கார அண்ணன்! டப்பா அந்தப் பெயரின் கீழே இரண்டு கோடு இழுத்தான்.

அண்ணி அதைப் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் படுத்து, போர்டை டேப்போடு மெல்லத் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்டின் ஓரத்தில் ஊதா நிறத்தில் மெல்லிய ஏடு ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டாள். செல்போனில் இரண்டு படம். எழுந்து, எல்லாருக்கும் கேட்கிறாற்போல, "சட்டை எப்போ கிடைக்கும்?" என்றாள்.

"நாளைக்கு... நாளைக்கு வாங்கக்கா," என்றாள் தையல்காரி. குரல் பாதியில் உடைந்தது.

கீழே கடையில் சாய வாடை மூக்கைத் துளைத்தது. கயிற்றில் வரிசையாகத் துணிப்பைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டு பேர் ரப்பர் விளிம்பு வைத்த பிழிபலகையால் சல்லடைமேல் மையை இழுத்துக்கொண்டிருக்க, உலர்த்தும் மின்விசிறி பெரிதாக இரைந்தது. அச்சுக்காரர் பருத்த மனிதர். பத்து விரல் நகத்திலும் பத்து நிறம். சிரித்த முகம். சிரிக்கிற முகங்கள்தான் டப்பாவுக்கு எப்போதும் கிலி.

"இந்தப் படமெல்லாம் சல்லடையில எப்படிங்க வருது?" என்று அண்ணி வெகுளியாகக் கேட்டாள்.

தொழிலைப் பற்றிக் கேட்டால் யாருக்குத்தான் வாய் வலிக்கும்? அச்சுக்காரர் ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். மெல்லிய வலைத்துணியில் ஊதா நிறப் பூச்சு. மேலே அண்ணியின் நகத்தில் ஏறியிருந்த அதே ஊதா.

"இதுதான் இமல்ஷன். இருட்டுல பூசிக் காய வெப்போம். மேல படம் போட்ட ஃபிலிமை வெச்சு இந்த விளக்கு மேசையில காட்டினா, வெளிச்சம் பட்ட இடம் கெட்டியாகிடும். நிழல் விழுந்த இடம் தண்ணி ஊத்தினா கரைஞ்சு ஓடிடும். அவ்வளவுதான் மேடம் வித்தை. நிழல் எங்கயோ ஓட்டை அங்க."

"இதைச் செம்புத் தகட்டுல பூசலாமா?"

டப்பா சட்டென்று திரும்பிப் பார்த்தான். அண்ணி இப்படியா வெட்டவெளியில் போட்டு உடைப்பாள்?

"செம்புலயா? எதுக்கு?"

"எங்க சொந்தத்துல ஒருத்தர் வீட்டுலயே சர்க்யூட் போர்டு செய்யணும்னாங்க. தகட்டுல கோடு மட்டும் நிக்கணும், மிச்ச செம்பைத் திராவகம் தின்னுடணுமாம்."

அச்சுக்காரர் தாடையைச் சொறிந்தார். தாடையில் பச்சை ஏறியது. "அப்படின்னா ஃபிலிமை மாத்திப் போடணும். எங்களுக்கு எங்க மை இறங்கணுமோ அங்க கறுப்பு. உங்களுக்கு எங்க செம்பு தப்பிக்கணுமோ அங்க வெளிச்சம். பூசலாம், பிடிக்கும். ஆனா திராவகத்தைத் தாங்குமான்னு தெரியாதும்மா, நான் செஞ்சு பார்த்ததில்லை."

"வெயில்ல நல்லாக் காய வெச்சுட்டா தாங்கும்," என்றபடி அவருடைய சம்சாரம் உள்ளேயிருந்து டீ கிளாஸ்களோடு வந்தாள். ஒடிசலான, அமைதியான பெண். "சர்க்கரை போதுமா பாருங்க."

டப்பாவுக்கு டீ இறங்கவில்லை. கிளாஸும் கையுமாக அண்ணியை மாடிப்படியின் திருப்பத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம். அந்த ஆள்தான். ஊதா அவர்கிட்ட இருக்கு. மாடிக்கு அவர் வர்றார். சிரிப்பைப் பார்த்தீங்களா? கசாப்புக் கடைக்காரர் ஆட்டைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி."

"இந்தப் படத்தைப் பாரு." அண்ணி செல்போனை நீட்டினாள். "போர்டு ஓரத்துல என்ன தெரியுது?"

கோடுகளுக்கு வெளியே, வெட்டி எறியாமல் விட்ட செம்பு ஓரம். அதில் வளைவாக, ஒரே அளவில், செம்பு அரிக்கப்பட்ட பள்ளங்கள்.

"எலி கடிச்ச பிஸ்கட்."

"எலிக்கு இவ்வளவு வரிசையாப் பல் இருக்காது. இது சர்க்யூட்டுக்குத் தேவையே இல்லாத இடம். செம்பு ஏன் அங்க போச்சு? அங்க இமல்ஷன் இல்ல. இமல்ஷன் ஏன் இல்ல? அங்க நிழல் விழுந்திருக்கு. தகட்டை விளக்கு மேசையில வெச்சிருந்தா நிழலே விழாது. யாரோ ஜன்னல் கம்பியில சாய்ச்சு, வெயில்ல காட்டியிருக்காங்க. கோட்டு மேல நிழல் படாமப் பார்த்துக்கிட்டாங்க. ஓரத்தை விட்டுட்டாங்க. அந்தத் தகடு, தான் பொறந்த ஜன்னலைப் படம் எடுத்து வெச்சிருக்குடா."

டப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"விளக்கு மேசைக்குச் சொந்தக்காரர் எதுக்கு வெயிலைத் தேடிப் போகணும்?" என்றாள் அண்ணி. "இமல்ஷன் கைக்கு எட்டுது, விளக்கு எட்டலை. அப்படி ஒரு ஆள். நீ போய் இந்த வீட்டு ஜன்னலையெல்லாம் பாரு. பல்வரிசை எங்க இருக்குன்னு சொல்லு."

"நானா? தனியாவா? அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். கடைக்குள்ள போய்ச் செம்பு, சர்க்யூட்டுன்னு தம்பட்டம் அடிச்சீங்களே, செஞ்ச ஆளுக்குத் தெரிஞ்சு போயிருக்காதா?"

"தெரியட்டும்னுதான் கேட்டேன். பொந்துல புகை போட்டாதான் எலி வெளிய வரும்."

"எலி வந்தா சரி. பாம்பு வந்தா?"

அண்ணியின் முகத்திலும் லேசான கலக்கம் ஓடி மறைந்ததை டப்பா பார்த்தான். அதுதான் அவனை அதிகமாகப் பயமுறுத்தியது. "இன்ஸ்பெக்டரம்மாவுக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டிருக்காங்க. நான் அந்தப் பொண்ணு பக்கத்துல இருக்கேன்," என்று சொல்லிவிட்டு மாடி ஏறினாள்.

கடையின் முன்ஜன்னலில் நேர்க் கம்பிகள். படிக்கட்டின் காற்றுவழியில் சதுர ஓட்டைகள். கழுவுமிடத்துக்கு ஜன்னலே இல்லை. மிச்சம் இருந்தது பின்கட்டு. காலி டீ கிளாஸைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் டப்பா நடந்தான். மின்விசிறியின் இரைச்சல் பின்னால் தேய்ந்தது. தன் செருப்புச் சத்தமே யாரோ பின்தொடர்வது மாதிரி கேட்க, இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. அச்சுக்காரரின் சம்சாரம் அடுப்பில் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்தபடி முதுகு காட்டி நின்றாள். மேற்கில் சாய்ந்த வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது. கம்பிகளுக்கு நடுவே, அழகுக்காக யாரோ வைத்துப் பற்றவைத்த பழைய சைக்கிள் பல்சக்கரம். அதன் நிழல் தரையில், பல் பல்லாக.

செம்புத் தகட்டின் ஓரத்தில் பார்த்த அதே பல்வரிசை.

திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தான். அப்போது அந்தச் சத்தம் காதில் விழுந்தது. கடகட, கடகட. தையல் மிஷின். மாடியிலிருந்து வந்திருந்தால் பயமில்லை. அது வந்தது அலமாரித் தட்டில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன ரேடியோவிலிருந்து.

"கிளாஸை அங்கயே வெச்சுடுங்க தம்பி," என்றாள் அவள், திரும்பாமலே. பிறகு திரும்பினாள். அவன் கண் போன திசையைப் பார்த்தாள். ஜன்னல். தரை. ரேடியோ. "புரிஞ்சிடுச்சா?"

"எனக்கு எதுவுமே புரியாதுங்க. வீட்டுல கேட்டுப் பாருங்க. பள்ளிக்கூடத்துலயும் இதைத்தான் சொன்னாங்க," என்று டப்பா பின்வாங்கினான்.

அவள் அவனைத் தாண்டிப் போய்க் கதவைத் தாழிட்டாள். குறுக்கே நின்றுகொண்டாள். அடுப்பில் தண்ணீர் தளதளத்தது.

"ஒண்ணும் பண்ண மாட்டேன். கொஞ்ச நேரம் இங்கயே இருங்க, அது போதும். அவங்க பேசி முடிக்கட்டும்."

"எவங்க?"

"எங்கண்ணனும் அண்ணியும்."

டப்பா விழித்தான். அவனுக்கு அண்ணி என்றால் ஒரே ஆள்தான். இவள் யாரைச் சொல்கிறாள் என்று மண்டையில் இறங்கச் சற்று நேரம் பிடித்தது.

"மேல இருக்கிறவங்க உங்க அண்ணன் பொண்டாட்டியா?"

"அவளுக்குத் தெரியாது. ஓடிப்போன நாத்தனார் ஒருத்தி இருக்கான்னு கேள்விப்பட்டிருப்பா, முகம் பார்த்ததில்லை." அவள் குரல் தாழ்ந்தது. "இவரைக் கட்டிக்கிட்டு வந்தன்னைக்கே எங்க வீட்டுல என்னைத் தலைமுழுகிட்டாங்க. அம்மா சாவுக்குக்கூடச் சொல்லலை. தற்செயலா இவ இங்க குடி வந்தா. பேச்சுவாக்குல புருஷன் பேரைச் சொன்னா. நான்தான் அண்ணனுக்குப் போன் போட்டேன். இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னைத் தங்கச்சின்னு கூப்பிட்டான் தம்பி! அந்த ஒரு வார்த்தை... உங்களுக்குப் புரியாது."

"போர்டு?"

"சின்ன வயசுல அவன் ரேடியோ பிரிப்பான், நான் கம்பிக்கு ஈயம் பத்த வெச்சுக் குடுப்பேன். வரைபடம் அனுப்பினான். இவருக்குத் தெரிஞ்சா கொன்னுடுவார். விளக்கு மேசைகிட்டயே உட்கார்ந்திருப்பார். அதான் இந்த ஜன்னல்ல வெச்சேன். பாவம், அவ என்ன நினைக்கிறான்னு தெரிஞ்சாத்தானே சமாதானம் பேச முடியும்னு சொன்னான். குடும்பம் ஒண்ணு சேரணும்னுதான் செஞ்சேன். உங்க அண்ணி செம்புன்னு கேட்டதும் போன் பண்ணிட்டேன். பின்தெருவுல, கூப்பிடு தூரத்துலதான் ரூம் எடுத்துத் தங்கி, அங்கேருந்து கேட்டுக்கிட்டிருந்தான். பின்படி வழியா இப்பத்தான் மேல போனான்."

"அம்மா, அவன் அவங்க கையில வெந்நீரை..."

"அது தவறிக் கொட்டினது! அண்ணன் சொன்னான்."

ரேடியோவில் தையல் மிஷின் நின்றது.

கதவு கிறீச்சிட்டது. காலடிகள். பிறகு தேன் தடவின ஓர் ஆண் குரல்: "எப்படி இருக்கே?"

தையல்காரியின் மூச்சுத்தான் கேட்டது, அடிபட்ட பறவையின் மூச்சைப்போல, வேகமாக.

"வா, வீட்டுக்குப் போகலாம். நடந்ததெல்லாம் மறந்துடலாம்."

தங்கையின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? இதுதான் எங்கண்ணன்."

டப்பா ஜன்னலைப் பார்த்தான். பல்சக்கரத்துக்குள் அவன் தலை நுழையாது. கத்தலாமா? கடையின் மின்விசிறி இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. ஒடிசலான பெண்தான், தள்ளிவிட்டு ஓடலாம். ஆனால் அவளுக்குக் கை எட்டும் தூரத்தில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. வெந்நீர் இந்தக் குடும்பத்துக்குப் பரம்பரை ஆயுதமோ என்று நினைத்தவன் அடுப்பிலிருந்து தள்ளிப் போய் நின்றான்.

ரேடியோவில் அண்ணியின் குரல் வந்தது. "நீங்க யாருங்க?"

"அவ புருஷன். நீ யாரு?"

"சட்டை தைக்கக் குடுக்க வந்தவ."

"அப்ப கிளம்பு."

"கிளம்பறேன். ஒண்ணே ஒண்ணு." அண்ணியின் குரல் திடீரென்று பக்கத்தில், கணீரென்று கேட்டது. மேசையை ஒட்டி, அதன்மேல் குனிந்து பேசினால்தான் அப்படிக் கேட்கும். "இவங்க இங்க இருக்காங்கன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் சிரித்தான். தேன் கழன்றுவிட்ட சிரிப்பு.

"கீழ ஒரு ஓடுகாலி இருக்கா. தங்கச்சின்னு ஒரு வார்த்தை சொன்னேன். எலும்பைப் பார்த்த நாய் மாதிரி வாலாட்டிக்கிட்டு எல்லா வேலையும் செஞ்சா. வேலை முடிஞ்சது. இனிமே அவ யாரோ, நான் யாரோ."

தங்கை ரேடியோ பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

தாழ்ப்பாள் விழும் ஓசை ரேடியோவில் கேட்டது. பிறகு அவன் குரல், மெதுவாக, பழையபடி கரிசனமாக: "அந்தக் கை நல்லா ஆறிடுச்சே. அன்னைக்கு நான் ஊத்தினப்போ எப்படிக் கத்தினே! இன்னொரு கை சும்மாத்தானே இருக்கு?" மேசைமேல் இரும்பு உரசியது. துணி வெட்டும் பெரிய கத்தரி. தையல்காரி ஒரு முறை கத்தினாள். அந்தக் கத்தல் ரேடியோவிலும் கூரையிலும் ஒன்றாகக் கேட்டது.

டப்பா அச்சுக்காரரின் சம்சாரத்தைப் பார்த்தான். அவள் அழவில்லை. கண்ணாடியில் வேறு யாரையோ கண்டவளைப்போல அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சமையலறைக் கதவின் தாழை அவளே திறந்தாள்.

"அவரைக் கூப்பிடுங்க," என்றாள். "நான் மேல போறேன்."

எப்படி ஓடினான், அச்சுக்காரரிடம் என்ன உளறினான் என்பதெல்லாம் டப்பாவுக்குப் பிறகு நினைவில்லை. கையில் கிடைத்த மரச்சட்டத்தோடு அவர் மூச்சிரைக்கப் படி ஏற, பின்னால் பிழிபலகைக்காரர்கள் இருவர். மாடியில் கதவு உட்பக்கம் தாழிட்டிருந்தது. தேக்கு மரக் கதவு. உடைக்க முடியாது. உடைப்பதற்குள் உள்ளே என்ன வேண்டுமானாலும் நடந்துவிடும்.

அச்சுக்காரரின் சம்சாரம் கையை உயர்த்தி எல்லாரையும் சுவரோரம் ஒதுங்கச் சொன்னாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கதவில் மெல்லத் தட்டினாள்.

"அண்ணா! நான்தான், தங்கச்சி." குரலில் பாசம் குழைந்தது. டப்பாவுக்கே ஒரு கணம் இவள் எந்தப் பக்கம் என்று சந்தேகம் வந்துவிட்டது. "போலீஸ் வருதுண்ணா. சீக்கிரம் கதவைத் திற. பின்படி வழியா உங்க ரெண்டு பேரையும் வெளிய விட்டுடறேன்."

உள்ளே காலடி நெருங்கியது. தாழ்ப்பாள் நகர்ந்தது.

கதவு ஒரு சாண் திறந்ததும் அவள் அதைத் தோளால் முட்டித் தள்ளினாள். கத்தரியோடு நின்றவன் தடுமாறினான். "நாயே!" என்று அவள்மேல் பாய்ந்தான். அந்த நேரத்தில் டப்பா வீரம் காட்டினான் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவன் ஓடிவிடத்தான் திரும்பினான். பின்னால் வந்த அச்சுக்காரரின் தொந்தி அவனை முன்னே தள்ளியது, வாசற்படி காலை வாரியது, டப்பா தலைகுப்புற விழுந்தான். விழுந்தது ரேடியோக்காரனின் கால்களில். இருவரும் சேர்ந்து உருண்டார்கள். கத்தரி எங்கோ பறந்தது. அச்சுக்காரர் மரச்சட்டத்தை அவன் முதுகில் வைத்து, அதன்மேல் தானும் உட்கார்ந்தார்.

அண்ணி மூலையில் தையல்காரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பிடித்து நின்றாள். அவள் கன்னத்தில் ஒரு கீறல். டப்பாவைப் பார்த்த பிறகுதான் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"கணக்குத் தப்பிப் போச்சுடா," என்றாள் அவள், மூச்சு வாங்க. "அவன் இவ்வளவு சீக்கிரம் வருவான்னு நினைக்கலை. போலீஸ் முந்திக்கும்னு நம்பிட்டேன்."

"கீழ அவங்கதான்னு எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"டீ குடுக்கறப்போ. அவருக்கே தெரியாத விஷயம் அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு, அதுவும் வெயில்ல காய வெச்சா தாங்கும்னு. ஆனா ஏன் செஞ்சாங்கன்னு தெரியலை. இவன் வாயிலேர்ந்து அதை வாங்கணும், அவங்க காதுல அது விழணும்னுதான் கேட்டேன்."

"அவங்களோட என்னைத் தனியா விட்டீங்களே அண்ணி!"

"சொல்லியிருந்தா போயிருப்பியா?"

இன்ஸ்பெக்டரம்மா வந்து ரேடியோக்காரனை இறக்கிக்கொண்டு போனபோது, அவன் படியில் நின்று எல்லாரையும் பார்த்துச் சொன்னான்: "புருஷன் பொண்டாட்டி சண்டை. நாளைக்கே வெளிய வந்துடுவேன். நான் வெந்நீர் ஊத்தினேன்னு யாரு பார்த்தா?"

"நான் கேட்டேன்."

அச்சுக்காரரின் சம்சாரம் படியின் மேல்முனையில் நின்றிருந்தாள். "நீ ஊத்தினேன்னு சொன்னதை என் காதால கேட்டேன். அந்த மேசைக்கு அடியில மைக்கை வெச்சதும் நான்தான். எந்தக் கோர்ட்டுல வேணாலும் வந்து சொல்றேன்."

அச்சுக்காரர் மனைவியைப் பார்த்தார். பத்து நிறம் ஏறிய விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வாக்குமூலம் கொடுக்க இரண்டு பெண்களும் ஸ்டேஷனுக்கு வர வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டரம்மா. வாசலில் இன்னொரு போலீஸ் வண்டி நின்றது. தையல்காரி முதலில் ஏறிப் பின்சீட்டின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மற்றவள் வண்டிக்கதவைப் பிடித்தபடி, ஏறலாமா கூடாதா என்று தெரியாமல் தரையைப் பார்த்து நின்றாள்.

தையல்காரி அவளைப் பார்த்தாள்.

"தினமும் டீ கொண்டு வந்தது பேட்டரி மாத்தத்தானா?"

"முதல்ல அதுக்காகத்தான்." அவள் நிமிரவில்லை. "அப்புறம்... பேட்டரி மாத்தாத நாள்லயும் கொண்டு வந்தேன்ல."

தையல்காரி அதைப் பற்றி யோசித்தாள். வெகுநேரம் யோசித்தாள். டிரைவர் ஹாரனில் கை வைக்கப் போனபோது அண்ணி அவர் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

கடைசியில் தையல்காரி சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு நகர்ந்தாள்.

"சாட்சி சொல்ல வா," என்றாள். "ஆனா என்கிட்டப் பேசாதே."

மற்றவள் தலையாட்டிவிட்டு ஏறினாள்.